சிசிலியைவிட அரை மைல்

எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கனகசபை வீட்டுச் சுவரில் சாமி படத்துக்கு இருந்த இடத்தைவிட மோட்டார்ப் பந்தயச் சாலைகளுக்கு இருந்த இடம் அதிகம். இதை நான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் என் கணவர்; டிஸ்பென்சர் குவாட்டர்ஸும் கிளாக்கர் குவாட்டர்ஸும் ஒரே கூரை, நடுவில் ஒற்றைச் சுவர். அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில். பிள்ளைகளின் படிப்புக்காக என்று அவர் சொல்வார். குளிருக்காக என்று அந்த அம்மா ஒருமுறை வந்தபோது சொன்னார். தனியாகச் சமைக்கிற மனிதர், வாரத்துக்கு ஒரு தடவை உப்புக் கேட்டு வருவார். கொடுத்த உப்பைத் திருப்பி வாங்க நான் இரண்டு தடவை போவேன். போகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டா நிற்பது?

பெரிய துரை வாசித்து எறிகிற இங்கிலீஷ் சஞ்சிகைகளைப் பங்களாவில் சமைக்கிற அப்புவிடம் வாங்கிப் படங்களை வெட்டி ஒட்டியிருந்தார். எல்லாம் உலகத்திலேயே நீளமான பந்தயச் சுற்றுகள். ஜெர்மனியில் காட்டுக்குள் ஒன்று, பதினான்கு மைல். இத்தாலியில் பெஸ்காரா என்று கடலோரத்தில் ஒன்று, பதினாறு மைல். மான் தீவில் மோட்டார் சைக்கிள்களுக்கு முப்பத்தேழே முக்கால். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையாருக்கு நேர் கீழே, சிசிலி. மலைகளைச் சுற்றி நாற்பத்து நாலே முக்கால் மைல். கோடு ஒவ்வொன்றும் ஆட்டுக் குடல் மாதிரி நெளிந்து கிடக்கும். கனகசபைக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சுவருக்கு முன்னால் நின்று உருப்படியான கேள்வி கேட்ட ஒரே ஆள் லொறி ட்ரைவர் இராசையா. எங்கள் தேயிலைப் பெட்டிகளைப் பதுளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போகிறவன். பதினொரு வருஷத்தில் அவன் லொறியில் ஒரு பெட்டி சரிந்ததில்லை. ஒருநாள் ஸ்டேஷன் ரசீது கொடுக்க வந்தவன் சிசிலியின் வளைவுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதுல எத்தனை முடக்குங்கய்யா?"

"ஒரு சுத்துக்கு எண்ணூறு எண்டு எழுதிக் கிடக்கு."

"நம்மளுதுல அதுக்கு மேல இருக்கும்."

"நம்மளுது எண்டால் எது?"

"பதுளையிலேருந்து பசறை, நம்ம தோட்டம், நமுனுகுல, அப்புறம் தெமோதர, ஹாலிஎல, திரும்பப் பதுளை. மலையை ஒரு சுத்து. யாரு அளந்தா அதையெல்லாம்? நான் எண்ணினதில்லீங்க. கைதான் எண்ணி வச்சிருக்கு."

கிளாக்கர் பேசவில்லை. அவர் பேசாத நேரத்தில்தான் சுவர் வழியாக எனக்கு அதிகம் கேட்கும். நாற்காலியைத் தள்ளினார், கண்ணாடியைத் துடைத்தார், "இராசையா, இதிலை இரும்" என்றார். ஒரு லொறி ட்ரைவரை அந்த வீட்டில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "இரும்" என்று மரியாதையாகச் சொன்னதும்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இராசையா "நீர்". திங்கள் காலை ஒப்பீசில் மறுபடி "நீ". இராசையா இதைக் கவனித்தானோ என்னவோ, நான் கவனித்தேன்.

அடுத்த ஞாயிறு பிரேக் பார்க்கப் போகிறோம் என்று பெரிய துரையிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் லொறியில் கிளம்பினார்கள். மாலை திரும்பி வந்தபோது கிளாக்கர் முகம் இழவு வீட்டுக்குப் போய் வந்த முகம். நாற்பத்து மூன்றரை மைல். மான் தீவை அடித்தாயிற்று, ஜெர்மனியைக் கேட்கவே வேண்டாம், சிசிலிக்கு மட்டும் ஒன்றேகால் மைல் குறைகிறது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் மீன் குழம்பு அப்படியே திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் இராசையாதான் வழி கண்டுபிடித்தான். கவர்மென்ட் ரோட்டிலேயே போகாமல், எங்கள் பெக்டரிக்குக் கீழே திரும்பி, மேல்பிரிவு லொறி ரோட்டில் ஏறி, காத்துமுடக்கு என்கிற மேட்டைத் தாண்டி இறங்கி மறுபடி கவர்மென்ட் ரோட்டைப் பிடித்தால் ஒன்றே முக்கால் மைல் கூடும். மொத்தம் நாற்பத்தைந்தேகால்.

"சிசிலியைவிட அரை மைல்" என்றார் கிளாக்கர். சுவருக்கு இந்தப் பக்கம் என் கணவர் மருந்துப் புட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சொந்த மகள் பாஸ் பண்ணியதைக்கூடக் கனகசபை இவ்வளவு குழைந்து சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பத்து மாதம், ஞாயிறு தவறாமல் முடக்கு எழுதினார்கள். செக்ரோல் என்று தோட்டத்தில் ஆள் பேர் பதிகிற நீளப் புத்தகம் உண்டே, அதில் பழையது ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். ஆள் பேர் எழுதுகிற இடத்தில் முடக்கின் பேர். முழுநாள் வேலைக்கு முழுப்பேர், அரைநாளுக்கு அரைப்பேர் போடுகிற கட்டத்தில், கடும் முடக்குக்கு முழுப்பேர், லேசான முடக்குக்கு அரைப்பேர். யோசனை இராசையாவுடையது. லொறிக்குள் அவன் சொல்லச் சொல்ல கிளாக்கர் எழுதுவார்; நடந்ததைப் பிறகு அவனே எனக்குப் பேசிக்காட்டுவான்.

"பெரியாயி முடக்கு. முழுப்பேரு. ரெண்டாங் கியரு. கல்லுல தண்ணி கசியும்."

"பெரியாயி ஆர்?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப இந்த எடத்துலதான் லொறியிலேயே புள்ள பெத்துச்சு. இதுக்கப்புறம் ரொட்டிக்கடை முடக்கு. அரைப்பேரு. மலைக்கைக்கு ஒடிக்கணும்."

"மலைக்கை எண்டால் இடதா, வலதா?"

"இடது வலதெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்கய்யா. பனி மூடுனா எது இடது எது வலதுன்னு நெனைச்சுப் பார்க்க நேரம் இருக்குமா? மலை தெரியும். மலை இல்லாத பக்கம் பள்ளம். மலைக்கை, பள்ளக்கை. அவ்வளவுதான்."

கிளாக்கர் மலைக்கை என்றே எழுதினார். எழுதும்போது குனிந்தே இருப்பார், வெளியே பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். பத்து மாதத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் முடக்கை எழுதிய மனிதர் பத்து முடக்கையாவது கண்ணால் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

இந்தச் செய்தி எப்படித் துரைமார் மோட்டார் கிளப்புக்குப் போனது என்று கேட்டால், கிளாக்கரே கொண்டுபோனார். பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்துரை ஒரு பச்சைக் கார் வைத்திருந்தார், கூரை இல்லாதது. மழை நாடான பதுளையில் கூரையில்லாத கார் வாங்குகிறவரிடம் எதையும் பேசி ஒப்புக்கொள்ள வைக்கலாம். சிசிலியைவிட நீளம் என்றதும் அவர் குதித்தார். கிளப் குதித்தது. பொலிஸ் ஒருநாள் ரோட்டை மூடித்தரச் சம்மதித்தது. அறுபதாம் வருஷம் தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை ஓட்டம் என்று முடிவானது. ஐந்து கார், ஒன்றன்பின் ஒன்றாக விடுவார்கள், யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறாரோ அவருக்குக் கோப்பை. சின்னத்துரை கார் முதலில். அவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து முடக்குகளைச் சொல்லிக்கொண்டு வர வேண்டும்.

"அதில இருக்கிறதுக்கு உம்மைவிட்டால் வேற ஆர்?" என்று இராசையாவிடம் கிளாக்கர் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். "சின்னத்துரைக்கு விளங்கிற அளவு இங்கிலீசு உமக்குத் தெரியும்தானே. ரைட், லெப்ட், ஸ்லோ. போதும்."

"நெசமாவாங்கய்யா?"

"பிள்ளையாருக்கு முன்னால சொல்லுறன்."

பிள்ளையாருக்குக் கீழே சிசிலி இருந்தது. அவர் எதைப் பார்த்துச் சொன்னாரோ.

இராசையாவின் மனைவி நல்லம்மா மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் சொன்னாள், சாயங்காலத்துக்குள் தொழிலாளர் குடியிருக்கும் எட்டு லயத்துக்கும் தெரிந்துவிட்டது. மீதியை நான் பார்த்துக்கொண்டேன். தோட்டத்து ஆள் ஒருத்தன் துரைக்குப் பக்கத்துச் சீட்டில், வேடிக்கை பார்க்க அல்ல, வழி சொல்ல உட்காரப் போகிறான் என்பது சின்னச் செய்தியா? காரின் பின்சீட்டில் நாய் போயிருக்கிறது. முன்சீட்டில் எங்கள் ஆள் யாரும் போனதில்லை. இராசையா பெக்டரியில் வெல்டிங் செய்கிறவரிடம், கூரையில்லாத காரில் காற்றுக்குப் போடவென்று கண்ணாடி இரவல் வாங்கினான். அதைப் போட்டால் பகலிலும் இருட்டாகத்தான் தெரியும் என்று அவர் எச்சரித்தாராம். "பரவாயில்ல, முடக்கு எனக்குத் தெரியாமயா?" என்றானாம். நல்லம்மா லயத்துச் சனத்தை எல்லாம் காத்துமுடக்கில் நிற்கச் சொல்லிவைத்தாள். அவன் போகிறதை அங்கேயிருந்துதான் நன்றாகப் பார்க்கலாம்.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு சுவருக்கு அந்தப் பக்கம் டைப்ரைட்டர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் உப்பு வாங்கப் போனேன். மேசையில் பைண்டு போட்ட புத்தகம், முழுக்க இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். அட்டையில் ஒரே ஒரு பேர் இருந்தது. அது இராசையாவுடைய பேர் அல்ல. உள்ளே பெரியாயி இல்லை, ரொட்டிக்கடை இல்லை, எல்லாம் ஒன்று இரண்டு என்று நம்பர்.

"இராசையாவுக்கு இது வாசிக்க ஏலுமோ?" என்று கேட்டேன்.

கிளாக்கர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். "அதைத்தான் சின்னத்துரையும் யோசிக்கிறார். வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இருந்தால் நல்லதாம். நான் என்ன செய்யிறது?" பிறகு, அதே மூச்சில், "உங்கட அவருக்குப் பதுளைப் பக்கம் மாற்றல் கேட்டு நான் எழுதின கடிதம் பெரிய துரையின்ரை மேசையில கிடக்கு. திங்கக்கிழமை கையெழுத்துக்கு வைப்பன்" என்றார்.

நான் உப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். கோழி முட்டையிட்டால்கூட மூன்று பிரிவுக்கும் சொல்லுகிற வாய் எனக்கு. அந்த ஒரு வாரம் அது திறக்கவில்லை. அன்று சாயங்காலம் இராசையா வாசலால் போனான். கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று போட்டுக் காட்டினான். "ஜோரா இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கிளாக்கர் அவனைக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசினார். அவர் தோளில் புதுத் தோல் சட்டை, கழுத்தில் நல்ல பந்தயக் கண்ணாடி. இராசையா தலையாட்டினான். பிறகு, கார் ஏதும் சறுக்கினால் இழுக்கவென்று, லொறியில் தடிக் கயிற்றை ஏற்றிக்கொண்டு காத்துமுடக்குக்கு வந்தான்.

நாங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றோம். காத்துமுடக்கு என்பது ஒரு மேடு. ரோடு செங்குத்தாக ஏறி உச்சியைத் தொட்டு, உடனே வளைந்து இறங்கும். உச்சியில் எப்போதும் பனி. நல்லம்மா ஆரஞ்சுக் கரைச் சேலையில் முன்வரிசையில் நின்றாள். லொறியிலிருந்து இறங்கினவனைப் பார்த்தாள்.

"நீ என்ன இங்க நிக்கிற?"

"கயிறு கொண்டாந்தேன்."

"காரு?"

"வரும்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள். "ஏப்பா, நீதான போறேன்னு சொன்னாக?" என்றது ஒரு கிழம். "கண்ணாடியக் காணோம்?" என்றது இன்னொன்று. வெல்டிங் கண்ணாடி அவன் காக்கிப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது. நான் பின்வரிசையில் இருந்து தேயிலைச் செடியில் ஏதோ பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே இன்ஜின் சத்தம் கேட்டது. கூடவே கிளாக்கர் குரல். பனிக்குள் ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி நம்பர் நம்பராக வந்தது. உச்சிக்கு முன்னால், "ரைட். ஹார்ட் ரைட்."

இராசையா திரும்பினான். "இல்ல. அங்கிட்டு இல்ல" என்று ரோட்டு நடுவுக்கு ஓடினான். கையை மலைப் பக்கமாக, இடது பக்கமாக நீட்டி நீட்டி வீசினான். பனியில் அந்தக் கை எனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது. பச்சைக் கார் உச்சியில் ஏறி, புத்தகம் சொன்னபடி வலது பக்கம் ஒடிந்து, பள்ளத்தில் இறங்கித் தேயிலைக்குள் போயிற்று. ஏழு வரிசை செடி முறிந்த பிறகு நின்றது.

என்ன நடந்ததென்று பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். டைப் அடிக்கும்போது கிளாக்கருக்கு மலைக்கை எது என்று சந்தேகம் வந்திருக்கிறது. லொறியில் போய்ப் பார்த்திருக்கலாம், இராசையாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் புத்தகம் அடிக்கிற சங்கதி தெரிந்துவிடும். கோயில் பக்தர் அல்லவா, தானே தீர்த்துக்கொண்டார். நமுனுகுல மலையைச் சுற்றுகிறோம்; வலம் வருகிறோம்; வலம் வரும்போது மூலஸ்தானம் எப்போதும் வலக்கைப் பக்கம். ஆகவே மலைக்கை என்றால் ரைட். முழுப் புத்தகமும் அப்படியே அடித்துத் தள்ளினார். முக்கால்வாசி இடத்தில் அது சரியாகத்தான் இருந்தது, மீதியில் சின்னத்துரை தன் கண்ணால் சமாளித்தார். காத்துமுடக்கில் மட்டும் ரோடு உச்சியைத் தாண்டியதும் வேறொரு குட்டிமலையின் தோளில் ஏறிவிடும். அங்கே மலை இடது பக்கம், பள்ளம் வலது பக்கம். அது எங்கள் தோட்டத்துக்குள்ளே இருக்கிற ரோடு. சின்னத்துரை அதில் அதற்கு முன்பு வந்ததே இல்லை. சிசிலியை ஜெயிக்கச் சேர்த்த ரோடு அல்லவா.

சின்னத்துரைக்குக் காறை எலும்பு உடைந்தது. கிளாக்கருக்குச் சிராய்ப்பு, தோல் சட்டை முழுக்கக் கொழுந்து. இராசையாதான் கயிற்றைக் கட்டி இறங்கி இரண்டு பேரையும் தூக்கி வந்தான். அடுத்த காரை நிறுத்த ஆள் அனுப்பியதும் அவன்தான். கிளாக்கரைச் சுமந்து மேட்டில் ஏறும்போது, "பாத்து வாங்கய்யா, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

திங்கள் காலை ஒப்பீஸ் வாசலில் விசாரணை. காயத்துக்கு மருந்து போட்டவர் என்று என் கணவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்குக் குடை கொண்டுபோய்க் கொடுக்க நானும் போயிருந்தேன். மழை இல்லை.

பெரிய துரை புத்தகத்தை மேசையில் போட்டார். இந்த முடக்கை எழுதியது யார் என்று கேட்டார்.

கிளாக்கர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "சேர், நான் வெறும் டைப் அடிச்ச ஆள். ட்ரைவர் இராசையா சொன்னதைத்தான் அப்படியே அடிச்சன். வழி தெரிஞ்சவன் இவன். இவன் பிழையாய்ச் சொல்லிப்போட்டான்."

ஞாயிறுகளில் "நீர்", ஒப்பீசில் "நீ", அன்றைக்கு "இவன்". அட்டையில் இல்லாத பேர் அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது.

இராசையா கிளாக்கரைப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பெட்டிகளை எண்ணி ஏற்றினவன் ஸ்டேஷனில் ஒன்று குறைகிறது என்று கேட்டால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான்.

"செக்ரோலை எடுக்கச் சொல்லுங்க தொரை. அதுல மலைக்கைன்னு இருக்கும். நான் ரைட்டுன்னு ஒரு எடத்துலயும் சொல்லல."

"அப்பிடி ஒரு செக்ரோல் இல்லை, சேர்" என்றார் கிளாக்கர்.

முந்தின நாள், ஞாயிறு காலை, சுவருக்கு அந்தப் பக்கம் தாள் கிழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு அவருடைய வெந்நீர் அடுப்புப் புகை, வழக்கத்தைவிடக் கறுப்பாக. நான் கேட்டேன், பார்த்தேன். என் கணவரும் கேட்டார். பெரிய துரை மேசையில், புத்தகத்துக்குப் பக்கத்தில், கையெழுத்துக்கு வைத்த கடிதம் ஒன்று கிடந்தது. அதன் தலைப்பில் என் கணவரின் பேர் இருந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே வாசிக்க முடிந்தது. என் கணவர் தன் மருந்துப் பெட்டியை மூடித் திறந்து மறுபடி மூடினார். நான் குடையை மடக்கினேன்.

இராசையா லொறிச் சாவியை மேசையில் வைத்தான். அன்றிலிருந்து அவனுக்கு மேல்பிரிவில் புல்வெட்டு வேலை. கிளப் அந்தச் சுற்றை மறந்துவிட்டது. கிளாக்கர் சுவரில் சிசிலி மறுபடி முதலாவதாக வந்தது.

இரண்டு மாதம் கழித்து நல்லம்மா இருமலுக்கு மருந்து வாங்க வந்தாள். புட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"ஒங்களுக்கும் அவருக்கும் ஒரே செவரு. ஒங்க காதுல விழாமயா இருந்திருக்கும்?"

"எனக்கென்ன தெரியும், நல்லம்மா?" என்றேன்.

"ஆமாங்க. ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு நான் போனால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும்.

மாற்றல் வந்தது. ஓகஸ்ட் மாதம் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கவர்மென்ட் ரோட்டில் மண்சரிவு, ஆகவே மேல்பிரிவு ரோட்டால்தான் போக வேண்டியிருந்தது. புது ட்ரைவருக்கு அந்த ரோடு பழக்கமில்லை. காத்துமுடக்கு உச்சியில் பனி கொட்டிக் கிடந்தது. அவன் பிரேக்கை அழுத்திக்கொண்டு தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.

ரோட்டோரம் ஒரு ஆள் புல் வெட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, லொறிக்குள் யார் என்று பாராமல், கத்தி பிடித்திருந்த கையை மலைப் பக்கம் நீட்டினான். ட்ரைவர் இடது பக்கம் ஒடித்தான். லொறி சுகமாக இறங்கியது. நான் முன்சீட்டில் இருந்தேன். முக்காட்டை இழுத்து முகத்தில் விட்டுக்கொண்டேன்.